புதன்கிழமைச் சிகரம்

போன மாதம் ஓய்வு பெற்றேன். அடையாறில் நான் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிய ஆய்வகத்தில், விடைபெறுகிறவருக்குச் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்துவிட்டு, ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரையும் கேட்பார்கள். சால்வையை மே மாத வெயிலில் போர்த்தியதால் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. கடிகாரம் இரண்டாம் நாளே நின்றுவிட்டது. அதற்கும் வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எதை எழுதுவது என்ற கேள்வியைத் தீர்த்துவைத்தவள் நிவேதா. என் நாற்காலிக்கு வரப்போகிறவள். கடைசி வாரத்தில் பழைய குறிப்பேடு ஒன்றை விரித்துப் பிடித்தபடி வந்தாள்.

"சார், இந்தப் பக்கத்துல குறுக்கே ஒரு கோடு இருக்கு. கீழ சிவப்பு மையில 'மாசின் மூலம்: சண்முகத்தின் தலை'ன்னு எழுதியிருக்கு. தலைன்னா என்ன சார், ஏதாவது கெமிக்கலோட சுருக்கமா?"

"கெமிக்கல் இல்லம்மா. தலைதான்."

அவள் என் தலையைப் பார்த்தாள். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆதாரம் போதாது என்ற முகத்தோடு போய்விட்டாள்.

அதே நாளில்தான் புதிய கருவியும் வந்து இறங்கியது. கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக அடுக்கிவிட்டால் போதும். இயந்திரக் கை ஒன்று தானே எடுத்து, தானே உறிஞ்சி, தானே செலுத்திக்கொள்ளும். அதை நிறுவ வந்த பையன், "இனிமே மனுஷன் கையே படாது சார்" என்றான் பெருமையாக. நான் ஏன் அவ்வளவு நேரம் சிரித்தேன் என்று அவனுக்குப் புரியவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்கும் சேர்த்துத்தான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் எடை போடுகிறவர். நான் வேதியியலில் பட்டம் வாங்கி, சில இடங்களில் சில கண்ணாடிச் சாமான்களை உடைத்தேன். ஒவ்வொரு முறையும் அப்பா, "ஏண்டா, இதையெல்லாம் எவர்சில்வர்ல செய்ய மாட்டாங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார். இருபத்தெட்டாவது வயதில் டாக்டர் ஷமீமின் ஆய்வகத்தில் தற்காலிகத் தொழில்நுட்பராகச் சேர்ந்தேன். வருடம் முடிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு தராசு.

டாக்டர் ஷமீம் ராயப்பேட்டைப் பெண்மணி. அவருடைய அத்தா, அதாவது அப்பா, புத்தகங்களுக்கு பைண்டிங் போடுகிறவர் என்பதால் எங்கள் குறிப்பேடுகள் அந்தக் கடையிலேயே தைக்கப்பட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் அடித்து வரும். ஒரு தாளைக் கிழித்தால் எதிர்த்தாள் கழன்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். எழுதியது தப்பு என்றால் ஒரே ஒரு குறுக்குக் கோடு, கீழே காரணம், கையெழுத்து. அழிக்கக் கூடாது, மேலே தாள் ஒட்டக் கூடாது. "தப்பு கண்ணுக்குத் தெரியணும் சண்முகம். தப்பே இல்லாத நோட்ட நான் நம்ப மாட்டேன்" என்பார்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை. "அப்படியா" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆய்வகம் முழுவதையும் ஆண்டார். மெதுவான "அப்படியா" என்றால் கேட்டுக்கொண்டார் என்று பொருள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னால் நம்பவில்லை என்று பொருள். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால், அன்று மதியச் சாப்பாடு இறங்காது.

காலை ஏழே முக்காலுக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வருவார். கழுவிக் கவிழ்த்திருக்கும் குடுவைகளில் ஏதோ ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சுழற்றுவார். பிறகு வடிகட்டும் தாளின் ஓரத்தால் அதன் விளிம்பை ஒருமுறை துடைத்து, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் அந்த வரிசை மொத்தமும் மறுபடி கழுவப் போகும். கழுவுகிற தனம்மா, "டாக்டரம்மா கண்ணுல எக்ஸ்ரே கீதுப்பா" என்பாள். இன்றைக்கும் பஜ்ஜி மடித்த காகிதத்தை நான் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் எறிவதில்லை.

ஆராய்ச்சி இதுதான். கிருமிகளோடு மல்லுக்கட்டுவதற்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அணுவையும் சுற்றி ஒரு சுவர். அந்தச் சுவரின் பெரும்பகுதி கொழுப்பு. அந்தக் கொழுப்பில் கொஞ்சத்தை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. மிச்சம் நாம் தின்பதிலிருந்து வருகிறது. சுவரில் எந்தக் கொழுப்பு உட்கார்ந்திருக்கிறதோ, அதைக் கொண்டுதான் அந்த அணு 'இங்கே வீங்கு, அங்கே காய்ச்சலடி' என்ற செய்திகளைத் தயாரிக்கிறது. அப்படியானால் மயிலாப்பூரில் நல்லெண்ணெயில் தாளிக்கிறவருக்கும், பக்கத்துத் தெருவில் தேங்காயெண்ணெயில் தாளிக்கிறவருக்கும் வெள்ளை அணுவின் சுவர் ஒரே மாதிரி இருக்குமா? வாணலியில் ஊற்றுவது படைவீரனின் சட்டை வரைக்கும் போகிறதா? இதுதான் டாக்டரின் கேள்வி.

முப்பத்தாறு பேர் ஒத்துக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு நல்லெண்ணெய், பன்னிரண்டு பேருக்குத் தேங்காயெண்ணெய், பன்னிரண்டு பேருக்குக் கடலையெண்ணெய். வீட்டுச் சமையல் முழுவதும் நாங்கள் கொடுக்கும் எண்ணெயில்தான் நடக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து கொஞ்சம் ரத்தம் கொடுத்துவிட்டு அடுத்த டின்னை வாங்கிப் போக வேண்டும். டின்கள் மாறிவிடக் கூடாதே என்று நல்லெண்ணெய்க்காரர்களுக்குத் திங்கள், தேங்காயெண்ணெய்க்காரர்களுக்குப் புதன், கடலையெண்ணெய்க்காரர்களுக்கு வெள்ளி என்று நாள் பிரித்துக் கொடுத்தவன் நான். அதற்காகப் பாராட்டும் வாங்கினேன். இதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது.

வேலையின் ருசியான பகுதி ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரிப்பது. குழாயின் அடியில் கனமான, தெளிந்த திரவம் ஒன்று இருக்கும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் ரத்தத்தைக் கலக்காமல் வழிய விட வேண்டும். டம்ளர் ஓரமாகப் பாலை ஊற்றுவது போல என்று நினைத்தால் குழாய் வீண். அதைவிட மெதுவாக. பிறகு சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுழற்றினால் சிவப்பு அணுக்கள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே மஞ்சள் நீர். நடுவில் ஒரு வெண்ணிற வளையம், ஆறிய பாலின் ஆடை மாதிரி மெலிதாக. அதுதான் நமக்கு வேண்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். பாதியை உறையவைத்துப் பத்திரப்படுத்துவோம். மறுபாதியைக் குளோரோஃபார்மிலும் மெத்தனாலிலும் குலுக்கினால் கொழுப்பு மட்டும் கீழே இறங்கி நிற்கும். அதை வற்றவைத்து, அமிலம் சேர்த்துச் சூடாக்கி, கடைசியில் ஜி.சி. என்று நாங்கள் கூப்பிடும் கருவிக்குள் ஒரு சொட்டுச் செலுத்துவோம். கருவிக்குள் இருக்கும் நீளமான குழாயின் வழியே ஒவ்வொரு கொழுப்பும் தனக்கு உரிய நேரத்தில் வெளியே வரும். இலேசானது முன்னால், கனமானது பின்னால். ஒவ்வொன்று வரும்போதும் பேனா தாளில் ஒரு சிகரம் வரையும்.

குளோரோஃபார்ம் ரப்பர் கையுறையைப் பதம் பார்த்துவிடும். குப்பி மூடிகளை இடுக்கியால்தான் தொட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்பது என் கட்சி. டாக்டர் இல்லாத நேரத்தில் என் கட்சியே ஆட்சியில் இருந்தது.

இன்னொன்று, வெற்றுக் குப்பி. ஒவ்வொரு நாளும் ரத்தமே இல்லாத ஒரு காலிக் குப்பியையும் அதே திரவங்கள், அதே சூடு, அதே கருவி என்று எல்லா வழியிலும் கொண்டுபோக வேண்டும். அதில் சிகரம் ஏதாவது முளைத்தால், அது ரத்தத்திலிருந்து வரவில்லை, நம்மிடமிருந்து வந்தது என்று அர்த்தம். ஒன்றுமே இல்லாததை இவ்வளவு மெனக்கெட்டுச் சோதிப்பானேன் என்று நான் அந்த வாரத்துக்கான மூன்று வெற்றுக் குப்பிகளையும் திங்கட்கிழமையே தயாரித்து வைத்துக்கொள்வேன். குறிப்பேட்டில் அந்தந்த நாளில் எழுதிவிடுவேன்.

முதல் புதன்கிழமை, எண்ணெய் கொடுப்பதற்கு முந்தைய ரத்தம் எடுக்கும் நாள். ஏழாம் எண்ணாக வந்தவள் பெயர் ரேவதி. கோட்டூர்புரம் குடியிருப்பில் வீடு, ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை.

"இன்னா சார், ஊசி இம்மாம் பெர்சா கீது? எனுக்கு மட்டுமா, அல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் ஒரே ஊசிதான்" என்றேன், சமத்துவமாக.

"ஒரே ஊசியா!" என்று கையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒவ்வொருவருக்கும் புது ஊசி, அளவுதான் ஒன்று என்று நான் விளக்கி முடிப்பதற்குள் வரிசையில் பாதிப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திரும்ப உட்காரவைத்தவளும் அவள்தான். "சார் பாவம், வாய்தான் குழறுது. கை நல்லாத்தான் கீது. வாங்கக்கா."

அந்தக் கணத்தில் எனக்கு ஏதோ ஆயிற்று. அதை இங்கே வர்ணிக்கப்போவதில்லை. மலரை டாக்டர்களும் படிக்கிறார்கள்.

அடுத்த முறை அவர்கள் வரவேண்டிய புதன்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நின்று உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து முடியைப் படிய வாரினேன். அப்போது எனக்கு முடி இருந்தது. அடர்த்தியாக, சொன்ன பேச்சைக் கேட்காமல் இருந்தது. பதற்றம் வந்தால் என் வலது கை தானாக நெற்றியிலிருந்து பின்னோக்கி ஒருமுறை போய்வரும். கை போகும் வழியில் நெடுக எண்ணெய்.

ரத்தம் கொடுத்தவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் போல ஓய்வெடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அவள் டபராவோடு உட்கார்ந்திருப்பாள். இந்தப் பக்கம் நான் விஞ்ஞானியாக இருப்பேன். குழாயைத் தேவைக்கு மேல் உயரத் தூக்கிப் பார்ப்பேன். நெற்றியைச் சுருக்குவேன். முடியைக் கோதுவேன். மூடியைத் திருகுவேன்.

போகும்போது அவள் தடுப்பைத் தட்டி, "இன்னா சார், தல இப்டி மினுங்குது? எனுக்குத் தரவேண்டிய டின்ன நீயே கவுத்துக்கினியா?" என்றாள்.

இந்த நாட்டில் அன்று உண்மையைக் கண்டுபிடித்த ஒரே விஞ்ஞானி அவள்தான். எனக்குத்தான் விளங்கவில்லை. கவனித்திருக்கிறாள் என்று மகிழ்ந்து, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவிக்கொண்டேன்.

அவள் அப்படிச் சொன்ன இரண்டாவது புதன்கிழமைத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஷமீம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தேங்காயெண்ணெய்க்கென்றே ஒரு கொழுப்பு உண்டு. லாரிக் அமிலம் என்று பெயர். வெள்ளை அணுவின் சுவரில் அது இருப்பதாக யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. ஈரல் அதை வந்த வேகத்தில் எரித்துவிடும் என்பார்கள். ஆனால் எங்கள் புதன்கிழமைத் தாள்களில், மற்ற எல்லாச் சிகரங்களுக்கும் முன்னால், லாரிக் நின்றது. பக்கத்தில் அதன் தம்பி மிரிஸ்டிக். எண்ணெய் கொடுப்பதற்கு முன் எடுத்த ரத்தத்தில் அது கிடையாது. திங்கள், வெள்ளிக்காரர்களுக்கும் கிடையாது. வெற்றுக் குப்பி சுத்தம்.

"சண்முகம், இது சுவருக்குள்ள போயிருக்குய்யா" என்றார். 'ய்யா' என்று அவர் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த முறை சிகரம் இன்னும் உயர்ந்தது. அதற்கடுத்த முறை அதைவிட. நாள் ஆக ஆகச் சுவரில் தேங்காய் சேர்ந்துகொண்டே போகிறது என்று டாக்டர் கோடு வரைந்து பார்த்தார். அழகான ஏறுகோடு. அது சேர்ந்துகொண்டுதான் போயிற்று. எங்கே, எதனால் என்பதில்தான் கோளாறு. நான்காவது புதன் முடிந்ததும் வீட்டிலிருந்து ஒரு பெரிய தட்டில் தம்ரூட் செய்து கொண்டுவந்தார். ரவையும் நெய்யும் முந்திரியுமாக, அடி சிவந்து, கத்தி வைத்தால் பிசிறாமல் வெட்டுப்படும் தம்ரூட். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து கேட்கப்போகிறது என்றும், அதற்கான சுருக்கத்தை வருகிற முறை ரத்தமும் பார்த்துவிட்டு அந்தச் சனிக்கிழமை அனுப்பப்போவதாகவும் சொன்னார். "உங்க லெட்டரும் அதோட போயிரும்" என்றார். என் நிரந்தரக் கடிதம்.

ஐந்தாவது புதன்கிழமை ரேவதி வரவில்லை. பெண் பார்க்க வருகிறார்களாம் என்று முந்தின நாளே தகவல் சொல்லியனுப்பிவிட்டாள். அன்று காலையில் கண்ணாடி பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. தலைக்குக் குளித்து, துவட்டி, அப்படியே வந்தேன். மீதிப் பதினொரு பேரிடமும் பேசாமல் ரத்தம் எடுத்தேன். பேசாமல் வேலை செய்தேன். கருவியில் ஓட்டினேன்.

பதினொரு தாளிலும் லாரிக் இல்லை. பேனா அந்த இடத்தை நேர்கோடாகக் கடந்து போயிற்று.

வியாழக்கிழமை காலை டாக்டர் தாள்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா?"

பிறகு, "மெஷின்ல ஏதோ கோளாறு. பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் பார்த்தேன். மெஷினில் கோளாறு இல்லை. எண்ணெய் மாறிவிட்டதா என்று டின்களைப் பார்த்தேன். மாறவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது தொட்டியடியிலிருந்து தனம்மா கேட்டாள்.

"சார், இந்த வாட்டி புதுசா இன்னா சோப்பு போட்ட?"

"ஏன்?"

"எப்பவும் புதன்கெழம மூடி மட்டும் பிசுக்கா கீது. ரெண்டு வாட்டி தேய்ச்சாத்தான் போவும். இந்த வாட்டி சும்மா கண்ணாடி கணக்கா கீதேன்னு கேட்டேன்."

தலையில் வைத்த கையை மெதுவாகக் கீழே இறக்கி, அதைப் பார்த்தேன்.

அடுத்த சில மணி நேரத்தில் நான் செய்ததுதான் என் வாழ்க்கையிலேயே ஒழுங்காகச் செய்த பரிசோதனை. வீட்டுக்கு ஓடி எண்ணெய் பாட்டிலோடு திரும்பி வந்தேன். மூன்று காலிக் குப்பிகள். ஒன்றை இடுக்கியால் மூடினேன். இன்னொன்றை, தலைக்கு எண்ணெய் வைத்துக் கோதி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி ஒருமுறை கோதி, அந்த விரலால் மூடினேன். மூன்றாவதில் டின் எண்ணெய் துளியிலும் துளி. முதல் குப்பியில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் லாரிக்கும் மிரிஸ்டிக்கும் அண்ணன் தம்பியாக நின்றன. இரண்டாவதிலும் அதே அண்ணன், அதே தம்பி, அதே உயர வித்தியாசம். பழைய புதன்கிழமைத் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தேன். அதே குடும்பம். உடம்புக்குள் போய்வந்த எண்ணெய் இப்படிப் பாட்டிலில் இருந்த அதே கணக்கில் நிற்காது என்பது வேதியியல் பட்டம் வாங்கியவனுக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். அவன் காபி டபராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை பேருந்தில் வரும்போது எனக்கு வந்த யோசனை ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த ஒரு நாள் மட்டும் மெஷின் மக்கர் செய்துவிட்டது என்றால் டாக்டரே நம்பிவிடுவார். சுருக்கம் போய்விடும். கடிதம் வந்துவிடும். அடுத்த முறை கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டால் சிகரமும் திரும்ப வந்துவிடும். மயிலாப்பூர்க் குளம் தாண்டுகிற வரைக்கும் இந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறகு அந்தக் குழுவில் யாரோ ஒருவர் எழுந்து, 'இது பாட்டில் எண்ணெய் அல்லவா?' என்று கேட்பதும், டாக்டர் ஷமீம் தன் தாள்களையே கையில் வைத்துக்கொண்டு பதில் இல்லாமல் நிற்பதும் கண்ணில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவர் மேசை முன்னால் நின்றேன். தலையில் எண்ணெய் நன்றாகத் தடவியிருந்தேன். அவருடைய வடிகட்டும் தாளிலிருந்து ஒன்றை உருவி, என் தலையில் ஒருமுறை தேய்த்து, மேசைமேல் வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். தாளை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கினார். எண்ணெய்ப் பொட்டின் வழியாக வேப்பமரம் தெரிந்தது. பிறகு நான் வைத்திருந்த மூன்று குப்பிகளின் வரைபடங்களையும் எடுத்துப் பார்த்தார்.

"புதன்கிழமை மட்டும் எதுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். தொட்டியடியிலிருந்து பதில் வந்தது.

"அந்த பில்லு போடற பொண்ணு வர்ற நாளு டாக்டரம்மா. அது வராத அன்னிக்கு எண்ணெயும் இல்ல, பேச்சும் இல்ல. இந்த பில்டிங்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

டாக்டர் ஷமீம் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப நான் வரஞ்ச ஏறுகோடு..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தார். தனம்மாவும் சிரித்தாள். பிழைத்தோம் என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

சட்டென்று நிறுத்தினார். "வெத்துக் குப்பில ஏன் தெரியல?"

சொன்னேன். மூன்றையும் திங்கட்கிழமையே தயாரிப்பது, அந்தந்த நாளில் எழுதுவது, எல்லாம்.

"அப்படியாஆ" என்றார்.

"தலையில எண்ணெ வெச்சதுக்கு மன்னிப்பு உண்டு. அது வயசு. வெத்துக் குப்பிக்கு இல்ல. ஒண்ணுமில்லாததத்தான சோதிக்கச் சொன்னேன்? அதுலயே பொய் சொன்னா, இருக்கிறத எப்படி நம்புவேன்?"

குறிப்பேட்டை எடுத்து, புதன்கிழமைப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும், கருவி வரைந்த புதன்கிழமைத் தாள்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குறுக்குக் கோடு போட்டார். காரணம் எழுதும் இடத்தில் சற்று யோசித்து, நிவேதா பார்த்த அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த பக்கத்தில் வெற்றுக் குப்பிகளைப் பற்றி என்னையே என் கையால் எழுதவைத்தார். அந்தப் பக்கத்தைத்தான் நிவேதா இன்னும் புரட்டவில்லை. சுருக்கம் சனிக்கிழமை போயிற்று. முதல் முடிவு தவறு, காரணம் ஆய்வகத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது, சோதனை மறுபடி நடக்கிறது என்று மூன்று வரி. என் கடிதம் அவர் இழுப்பறையிலேயே கிடந்தது.

உறையவைத்த மறுபாதி அணுக்கள் எங்களைக் காப்பாற்றின. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எண்களை டாக்டர் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றி ஒட்டி, மூன்று எண்ணெய்க்காரர்களையும் ஒரே நாளில் கலந்து கொடுத்தார். எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. தலையில் குல்லா, கையில் இடுக்கி, ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்கான வெற்றுக் குப்பி. விட்டுப்போன ரத்தத்தைக் கொடுக்க அடுத்த புதன்கிழமையே வந்த ரேவதி தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இன்னா சார் இது, கல்யாண மண்டபத்துச் சமையக்காரன் கணக்கா?"

"புது உத்தரவு. போன வாரம் வந்தவங்க என்ன ஆச்சு?"

"மாப்ளைக்கு மண்டைல ஒரு முடி இல்ல சார். வேணாம்னுட்டேன்."

குல்லாவுக்குள் என் தலை நிமிர்ந்தது. விதி இந்த இடத்தில் என்ன நினைத்துச் சிரித்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது.

ஆய்வு முடிகிற வரைக்கும் ஏழாம் எண்ணுக்கு நான் ஊசி போடக் கூடாது, பேச்சும் ஆய்வைத் தாண்டக் கூடாது என்பது டாக்டர் விதித்த இன்னொரு தண்டனை. இரண்டையும் கடைப்பிடித்தேன்.

மறுசோதனை முடிய இரண்டு மாதம் ஆயிற்று. தேங்காயெண்ணெய்க்காரர்களின் வெள்ளை அணுவில் லாரிக் இல்லை. ஈரல் அதை எரித்துவிட்டது. பழைய ஆட்கள் சொன்னது சரிதான். ஆனால் நல்லெண்ணெய்க்காரர்களின் சுவரில், அந்த எண்ணெயில் நிறைய இருக்கும் லினோலிக் அமிலம் மெல்ல ஏறியிருந்தது. கடலையெண்ணெய்க்காரர்களுக்கு ஒலியிக் கொஞ்சம் கூடியிருந்தது. பெரிய சிகரங்கள் இல்லை. சின்னச் சின்ன அசைவுகள். வாணலி சுவரைத் தொடுகிறது, ஆனால் சுவர் தனக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. டாக்டர் அந்தத் தாள்களை வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் தம்ரூட் கொண்டுவந்த நாளைவிட அமைதியான ஒரு சந்தோஷம். குழுவின் முன்னால் இதைத்தான் சொன்னார். அந்த முறை கேட்கப்பட்ட எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது.

குழு ஊர் திரும்பிய அன்று இழுப்பறையைத் திறந்து என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "ஆய்வு முடிஞ்சிருச்சு. இனிமே எண்ணெ வெச்சுக்கலாம்" என்றார்.

மறுநாள் மாலை ரங்கநாதன் தெருவில், அந்தத் துணிக்கடை வாசலில் நின்று ரேவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரிக், மிரிஸ்டிக், குறுக்குக் கோடு, குல்லா, எல்லாம். தெருக்கூட்டம் எங்களை ஆளுக்கொரு பக்கம் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அப்ப எனுக்கோசரம் எண்ணெ தடவிக்கினு, டாக்டரம்மா ஆராய்ச்சியவே பேஜார் பண்ணிட்ட?"

"ஆமா."

"அத்தினி பேர் முன்னாடி ஒத்துக்கினியா?"

"தனம்மா முந்திக்கிட்டாங்க."

என் தலையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். "எண்ணெய கம்மி பண்ணிக்க. தலகாணி ஒற எல்லாம் வீணாப் பூடும்" என்றாள். நான் அதைப் புரிந்துகொள்ள அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது.

வேலையின் கடைசி நாளில் புதிய கருவியில் ஒரு வெற்றுக் குப்பி ஓட்டினேன். மூடியை வேண்டுமென்றே தலையைத் தடவிய விரலால் மூடினேன். கோடு கடற்கரை மணலாகத் தட்டையாக ஓடிற்று. அன்றைக்கே டாக்டர் ஷமீமுக்கு ஃபோன் செய்து சொன்னேன். இன்னும் ராயப்பேட்டையில்தான் இருக்கிறார். "அப்படியா" என்றார், மெதுவாக. பிறகு, "அந்த ஒண்ணுமில்லாதத நோட்டுல எழுதினீங்களா?" என்றார். எழுதியிருந்தேன். அன்றைய தேதியிலேயே.

நிவேதா பழைய புதன்கிழமைத் தாளில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தாள். நங்கநல்லூர் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் விரித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரேவதி கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"இதுல நான் எங்க கீறேன்?"

"இந்த ஏழாம் நம்பர்தான் நீ. இதோ இந்தச் சிகரம், இது, அப்புறம் கடைசில இந்தக் குட்டி. எல்லாம் உன் அணு."

"மின்னாடி பனமரம் மாதிரி ரெண்டு நிக்குதே, அது?"

"அது நான்."

அந்த இரண்டு சிகரங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவற்றின் குறுக்கே ஓடிய டாக்டரின் கோட்டையும்.

"கண்ணாலத்துக்கு மின்னாடியே உள்ள பூந்து குந்திக்கினு இருந்திருக்க" என்றாள். "கோடு போட்டும் போவல பாரு."